அதிகம் விரும்பப்படாத ஜேம்ஸ் பாண்ட் படங்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது எப்படி?

ஜேம்ஸ் பாண்ட் படங்களில் சிறந்தவை எவை என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’, ‘கோல்ட்ஃபிங்கர்’, ‘கேசினோ ராயல்’, ‘ஸ்கைஃபால்’ ஆகிய பெயர்கள் முன்பின்னாக மாறி வருமே தவிர, பட்டியலின் தலைப்பகுதியில் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதில்லை. கீழ்ப்பகுதி அப்படியன்று. ஒருவர் கடைசி இடத்துக்குத் தள்ளிய படத்தை மற்றொருவர் நடுவில் வைத்து வாதாடுவார். புதிதாக இந்த வரிசைக்குள் வருபவர்களோ, கீழே இருக்கும் படங்களைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்று உறுதியாக நம்புகிறேன். அறுபது ஆண்டுகளாக ஒரே நாயகனை வைத்துப் படம் எடுத்தவர்கள் எங்கே துணிந்தார்கள், எங்கே களைத்துப்போனார்கள், எங்கே அடுத்த வீட்டு வெற்றியைப் பார்த்து நகலெடுத்தார்கள் என்பதெல்லாம் வெற்றிப் படங்களைவிட இவற்றில்தான் தெளிவாகத் தெரியும்.

புகழ்பெற்ற நான்கைந்து பாண்ட் படங்களைப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்குள் எப்படி நுழைவது என்று யோசிப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பேசவேண்டியிருப்பதால் சில படங்களின் முடிவுகள் இங்கே வெளிப்பட்டுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

இயான் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் 1962இல் வெளியான ‘டாக்டர் நோ’ தொடங்கி 2021இல் வெளியான ‘நோ டைம் டு டை’ வரை 25 பாண்ட் படங்களைத் தயாரித்திருக்கிறது. உங்கள் ஒப்பீட்டை இந்த 25 படங்களுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. 1967இல் வந்த கேலிப்படமான ‘கேசினோ ராயல்’, 1983இல் ஷான் கானரி மீண்டும் நடித்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ ஆகிய இரண்டும் வேறு தயாரிப்பாளர்களின் படங்கள். இரண்டாவது படம், ‘தண்டர்பால்’ கதையின் மீது கெவின் மெக்லோரிக்கு இருந்த உரிமையின் காரணமாகவே எடுக்க முடிந்த ஒன்று. இவற்றில் அதே இசையும் இல்லை, அதே தொழில்நுட்பக் குழுவும் இல்லை என்பதால் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

25இல் எவற்றை ‘அதிகம் விரும்பப்படாதவை’ என்று கொள்வது என்பது அடுத்த கேள்வி. நான் எடுத்துக்கொள்ளும் பத்துப் படங்கள் இவை: ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ (1971), ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ (1974), ‘மூன்ரேக்கர்’ (1979), ‘ஆக்டோபஸி’ (1983), ‘எ வியூ டு எ கில்’ (1985), ‘லைசென்ஸ் டு கில்’ (1989), ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’ (1999), ‘டை அனதர் டே’ (2002), ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ (2008), ‘ஸ்பெக்டர்’ (2015).

ஜார்ஜ் லாசன்பி நடித்த ஒரே படமான ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969) இந்தப் பட்டியலில் இல்லை. கானரிக்குப் பதிலாக வந்தவர் என்பதற்காகவே நெடுங்காலம் அந்தப் படத்தை ஒதுக்கிவைத்திருந்தார்கள். இன்று வரிசையின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக அதை வைப்பவர்கள் ஏராளம். படம் மாறவில்லை, பார்த்தவர்கள்தான் மாறினார்கள். ஒரு படத்தின் பெயர் கெட்டிருப்பதற்கும் படம் கெட்டிருப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை என்பதால், இந்த ஒரு எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இரண்டாம் படி: முன்படம் தேவையா என்று பாருங்கள்

பெரும்பாலான பாண்ட் படங்களைத் தனித்தனியாகவே பார்க்கலாம். நான்கு படங்களுக்கு மட்டும் முன்தயாரிப்பு வேண்டும். ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ படத்தின் கதை, ‘கேசினோ ராயல்’ (2006) முடிந்த சற்று நேரத்திலேயே தொடங்குகிறது. வெஸ்பர் என்ற பெண்ணின் மரணம் பாண்டை எப்படிப் பாதித்தது என்பது தெரியாதவருக்கு இந்தப் படம் காரணமில்லாத ஓட்டமாகவே தெரியும். ‘ஸ்பெக்டர்’ பார்ப்பதற்கு முன் டேனியல் கிரெய்கின் முந்தைய மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்திருக்க வேண்டும். ‘மூன்ரேக்கர்’ படத்துக்கு முன் ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ (1977) பாருங்கள். இரண்டையும் இயக்கியவர் லூயிஸ் கில்பர்ட், எஃகுப் பல் கொண்ட ஜாஸ் என்ற அடியாள் இரண்டிலும் வருகிறான், உலகை அழித்துப் புதிய உலகம் படைக்க நினைக்கும் வில்லனும் இரண்டிலும் உண்டு. முதலாவதில் கடலுக்கடியில் நடப்பது இரண்டாவதில் விண்வெளியில் நடக்கிறது. ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்துக்கு முன்படம் ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

படங்களை மூல ஒலியோடு, தேவையானால் துணைத்தலைப்புகளோடு பாருங்கள். ரோஜர் மூர் ஒரு வசனத்தை எந்தத் தொனியில் முடிக்கிறார் என்பதில்தான் அவருடைய படங்களின் பாதி நகைச்சுவை இருக்கிறது. குரல் மாறினால் அது போய்விடும். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: படம் வெளியான ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாண்ட் படங்கள் எப்போதும் தம் காலத்தைக் கூர்ந்து கவனித்தே எடுக்கப்பட்டன. ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தின் இறுதியில் அடுத்த படம் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ என்று அறிவித்திருந்தார்கள். அதே 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ உலகையே புரட்டிப்போட்டதால், அறிவித்த படத்தைத் தள்ளிவைத்துவிட்டு விண்வெளிக்குப் போகும் ‘மூன்ரேக்கர்’ படத்தை எடுத்தார்கள். 1974இல் வந்த ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ படத்தில் சூரிய ஆற்றலை மின்சாரமாக்கும் கருவிக்காக எல்லோரும் அடித்துக்கொள்வதற்கு, அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய எண்ணெய் நெருக்கடியே காரணம். குங்ஃபூ பள்ளிக் காட்சி அந்தப் படத்தில் திடீரென முளைப்பதற்கு அந்தக் காலத்து ஹாங்காங் சண்டைப் படங்களின் வெற்றி காரணம். ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ படத்தின் துரத்தல் காட்சிகள் ஏன் கண்ணிமைப்பதற்குள் வெட்டப்பட்டிருக்கின்றன என்று கேட்டால், ஜேசன் பார்ன் படங்களின் பாணி அப்போது கோலோச்சிக்கொண்டிருந்தது என்பதும், அவற்றில் பணியாற்றிய டேன் பிராட்லியே இங்கும் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவை இயக்கினார் என்பதும் விடையாகும்.

இது தெரிந்துவிட்டால் நகலெடுத்ததைக் குற்றமாகச் சொல்வதை விட்டுவிட்டு, நகலெடுத்ததைத் தனக்கென மாற்றிக்கொண்டதா என்று கேட்கத் தொடங்குவீர்கள். பயனுள்ள கேள்வி அதுதான்.

நான்காம் படி: எல்லாப் படங்களுக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்

பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போடத் தொடங்கினால் மூன்றாவது படத்திலேயே எல்லாவற்றுக்கும் ஆறரை என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக, படம் முடிந்த உடனே சில கேள்விகளுக்கு ஓரிரு வரிகளில் விடை எழுதுங்கள். வில்லனின் திட்டம் என்ன, அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? பாண்ட் எதையாவது இழக்கும் நிலையில் இருக்கிறாரா? பெண் கதாபாத்திரங்களை நீக்கினால் கதை நிற்குமா? இசை காட்சியைத் தூக்குகிறதா, மூடுகிறதா? இவற்றுக்கு விடை காண்பது எளிது. எஞ்சியிருப்பவை ஸ்டண்டும் தொனியும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதால் ஒரு காட்சியை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ படத்தில், தாய்லாந்தின் ஒரு கால்வாயை பாண்ட் காரில் கடக்கவேண்டும். பாலம் நடுவில் இல்லை. இரு கரைகளிலும் அதன் துண்டுகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. சிவப்பு நிற ஹார்னெட் கார் வேகமெடுத்து ஒரு துண்டில் ஏறி, அந்தரத்தில் தன் நீளவாக்கில் முழுச் சுற்று உருண்டு, மறுகரையில் நான்கு சக்கரங்களும் பதிய இறங்கி ஓடுகிறது. இதில் கிராபிக்ஸ் எதுவும் இல்லை. சாலை விபத்துகளை ஆராய்வதற்காக உருவாக்கப்பட்ட கணினி நிரலைக் கொண்டு காரின் எடை, வேகம், சாய்தளத்தின் கோணம் அனைத்தையும் கணக்கிட்டு, உண்மையான காரில் உண்மையான ஓட்டுநர் ஒருவர் ஒரே முயற்சியில் செய்துமுடித்தது அது. வரிசையின் மிகச் சிறந்த ஸ்டண்ட்களுள் ஒன்றாக நிற்கவேண்டிய அந்தக் காட்சியில், கார் உருளும் நேரத்துக்குச் சரியாக, குழந்தைகள் ஊதும் ஊதுகுழல் போன்ற ஓர் ஒலி மேலே போய்க் கீழே இறங்குகிறது. அவ்வளவுதான், உயிரைப் பணயம் வைத்த ஒரு செயல் சர்க்கஸ் வேடிக்கையாகிவிடுகிறது. அந்த ஒலியைச் சேர்த்தவர் வேறு யாருமல்லர், வரிசைக்கே உயிர்கொடுத்த இசையமைப்பாளர் ஜான் பேரிதான்.

அந்தக் காட்சியை ஒரு முறை ஒலியோடும் மறுமுறை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டும் பாருங்கள். பட்டியலில் உள்ள எல்லாப் படங்களுக்கும் தேவையான பயிற்சி இந்த ஒன்றிலேயே கிடைத்துவிடும். செய்த வேலை வேறு, அதை நமக்குக் காட்டிய விதம் வேறு. இரண்டையும் தனித்தனியே எடைபோடப் பழகுவீர்கள். ‘மூன்ரேக்கர்’ படத்தின் முதல் காட்சியிலும் இதே சிக்கல் உண்டு. பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து தள்ளப்பட்ட பாண்ட், காற்றிலே நீந்திச் சென்று எதிரியின் பாராசூட்டைப் பறித்துக்கொள்கிறார். வான்குதிப்பு வீரர்கள் மீண்டும் மீண்டும் குதித்து, சிறிது சிறிதாகச் சேர்த்த காட்சி அது. மூச்சை அடைக்கும் அந்தச் சாதனையின் முடிவில் ஜாஸ் ஒரு சர்க்கஸ் கூடாரத்தின் மீது போய் விழுகிறான்.

இன்னொரு கேள்வியையும் தயங்காமல் கேட்கவேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த படங்களில் பெண்களையும் ஐரோப்பியரல்லாதவர்களையும் காட்டிய விதம் இன்று பல இடங்களில் உறுத்துகிறது. 1974 படத்தில் தகவல் பெறுவதற்காக ஒரு பெண்ணின் கையை பாண்ட் முறுக்கும் காட்சியை எளிதில் கடந்துபோக முடியாது. இதற்காக ஒரு படத்தை முழுவதும் தள்ளிவிடுவதும், பழைய காலம் என்று கண்ணை மூடிக்கொள்வதும் ஒப்பீட்டுக்கு உதவாது. குறிப்பில் தனி வரியாக எழுதிவையுங்கள். இறுதியில் இரண்டு படங்கள் சமமாக நிற்கும்போது அந்த வரி முடிவு சொல்லும்.

ஐந்தாம் படி: இணை இணையாகப் பாருங்கள்

வெளியான வரிசையில் பார்ப்பதைவிட, ஒரே சிக்கலைக் கையாண்ட இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது ஒப்பீட்டுக்குப் பெரிதும் உதவும். நான் பரிந்துரைக்கும் முதல் இணை ‘லைசென்ஸ் டு கில்’, ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’. இரண்டிலும் பாண்ட் மேலிடத்தை மீறிப் பழிவாங்கப் போகிறார், இரண்டும் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்காவில் நடக்கின்றன, இரண்டும் வெயில் காயும் பாலைநிலத்தில் முடிகின்றன.

முதலாவதில், நண்பர் ஃபீலிக்ஸ் லைட்டரின் திருமண நாளன்றே அவருடைய மனைவியைக் கொன்று, அவரைச் சுறாவுக்கு இரையாகப் போடுகிறான் போதைமருந்துத் தலைவன் சான்செஸ். சுறாக் காட்சி, பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங்கின் ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்ற முதல் பாண்ட் படம் இது. டிமதி டால்டன் இதில் பழிவாங்கும் மனிதனாக மட்டுமின்றி, அந்தப் பழியால் மற்றவர்கள் சாவதைப் பார்த்துக் குன்றும் மனிதனாகவும் நடிக்கிறார். இறுதியில் பெட்ரோலில் நனைந்து நிற்கும் சான்செஸ் கத்தியை ஓங்க, பாண்ட் தன் சட்டைப்பையிலிருந்து எடுப்பது மணமக்கள் அன்பளிப்பாகக் கொடுத்த சிகரெட் லைட்டர். முதல் காட்சியில் கைமாறிய ஒரு சிறு பொருள், இரண்டு மணி நேரம் கழித்துக் கதையை முடித்துவைக்கிறது. திரைக்கதையில் அக்கறை இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ 106 நிமிடங்களில் முடியும், வரிசையிலேயே மிகக் குறுகிய படம். அமெரிக்கத் திரைக்கதையாசிரியர்களின் 2007-08 வேலைநிறுத்தத்தால் முடிவுபெறாத திரைக்கதையோடு படப்பிடிப்புக்குப் போனார்கள். அதன் விளைவு தெளிவாகவே தெரிகிறது: வில்லன் மெலிந்துபோயிருக்கிறான், கதை இடத்துக்கு இடம் தாவுகிறது. ஆனால் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில், ஏரியின் மீது அமைந்த மேடையில் ‘டோஸ்கா’ ஓபரா நடக்கும் காட்சியைக் கவனியுங்கள். மேடையில் ஒரு பிரம்மாண்டமான கண். பார்வையாளர்களுக்கிடையே அமர்ந்து ரகசியமாகப் பேசிக்கொள்ளும் சதிகாரர்களின் உரையாடலுக்குள் பாண்டின் குரல் நுழைகிறது. பின்னர் சுடும் சத்தமே இல்லாமல், ஓபராவின் இசை மட்டும் ஒலிக்க, துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. 25 படங்களிலும் இதுபோல் இன்னொன்று இல்லை. பொலிவியாவின் தண்ணீரைப் பதுக்கி ஒரு நாட்டையே பணியவைக்கும் திட்டமும் கற்பனையில் முளைத்ததன்று. 2000இல் கோச்சபம்பாவில் தண்ணீர் தனியார்மயத்துக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டாவது இணை ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’, ‘டை அனதர் டே’. இரண்டிலும் வைரக் கடத்தல், இரண்டிலும் வானிலிருந்து எரிக்கும் செயற்கைக்கோள். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே கருவை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள்.

வலுவான வில்லன் ஒருவன் தளர்வான படத்தைத் தோளில் சுமப்பதைக் காண ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’, ‘எ வியூ டு எ கில்’ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் கிறிஸ்டோபர் லீ, இரண்டாவதில் கிறிஸ்டோபர் வாக்கன். நேரம் இருந்தால் இரண்டாவதற்கு முன் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தன் தங்கத்தின் விலையை உயர்த்த அமெரிக்காவின் தங்க இருப்பைப் பாழாக்க நினைத்தவனின் அதே திட்டம், சிலிக்கான் பள்ளத்தாக்கை மூழ்கடித்துக் கணினிச் சில்லுச் சந்தையைப் பிடிக்கும் திட்டமாக மாறியிருப்பது புலப்படும். ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’, ‘ஸ்பெக்டர்’ இரண்டும் பகையைத் தனிப்பட்டதாக்க முயன்றவை என்பதால் ஓர் இணை.

‘ஆக்டோபஸி’ தனியாகவே நிற்கட்டும். ராஜஸ்தானின் உதய்ப்பூரில் படமாக்கப்பட்ட இந்தப் படத்தில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். விம்பிள்டனில் இரண்டு முறை கால் இறுதிவரை சென்ற சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே பாண்டுக்கு உதவும் உளவாளியாக வருகிறார். ஆட்டோ துரத்தலின்போது அவர் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்க, கூடியிருக்கும் மக்களின் தலைகள் ஆட்டம் பார்ப்பதுபோல் இடமும் வலமுமாகத் திரும்புகின்றன. அந்த நகைச்சுவையை ரசிக்கலாம். அதே தெருவில் ஆணிப்படுக்கை, தீமிதி, வாள் விழுங்குபவர் என்று அத்தனையும் அடுக்கி இந்தியா என்றால் இவ்வளவுதான் என்று காட்டுவதை ரசிக்க முடியாது. காட்டில் கொடியைப் பிடித்துத் தொங்கும் பாண்டின் வாயிலிருந்து டார்ஜான் கூக்குரல் கேட்கும்போது பலர் படத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடாதீர்கள். இந்தப் படத்தின் தொடக்கத்தில் கோமாளி வேடம் அணிந்த ஓர் உளவாளி கிழக்கு பெர்லினில் கத்தி வீசும் இரட்டையர்களால் துரத்தப்பட்டு உயிரிழக்கிறான். இறுதியில் மேற்கு ஜெர்மனியின் அமெரிக்க விமானத் தளத்தில், அணுகுண்டு வெடிக்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, பாண்டும் கோமாளி வேடத்தில் சர்க்கஸ் அரங்குக்குள் ஓடிவருகிறார். குழந்தைகள் சிரிக்கிறார்கள், அவர் கெஞ்சுகிறார், யாரும் நம்பவில்லை. அந்த வேடத்தைக் கேலிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் தொடக்கத்தில் இறந்த அந்தக் கோமாளியை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ரோஜர் மூர் தம் ஏழு படங்களில் இத்தனை தவிப்போடு நடித்த இடம் வேறு உண்டா என்பது எனக்கு ஐயமே.

ஆறாம் படி: நேர்ந்ததையும் செய்ததையும் பிரியுங்கள்

ஒவ்வொரு படத்தின் குறையையும் எழுதியபின், அது சூழ்நிலையால் நேர்ந்ததா, தெரிந்தே செய்ததா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தத்தால் திரைக்கதை அரைகுறையானது நேர்ந்தது. ‘டை அனதர் டே’ படத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத கார் தெரிந்தே செய்தது. 57 வயதில் ரோஜர் மூர் ‘எ வியூ டு எ கில்’ படத்தில் கடைசியாக ஒரு முறை நடித்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

செய்தவற்றிலும் இரண்டு வகை உண்டு. புதிதாக ஒன்றைத் துணிந்து செய்து சறுக்குவது ஒன்று. பழக்கப்பட்டதையே அக்கறையின்றிச் செய்து சறுக்குவது இன்னொன்று. துணிந்து சறுக்கிய படத்தைச் சோம்பலால் சறுக்கிய படத்துக்கு மேலே வைக்கவேண்டும் என்பதே நான் வரிசைப்படுத்தும் அளவுகோல். வேறு அளவுகோலை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பத்துப் படங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: வரிசைப்படுத்துங்கள்

முதலில் மேல், நடு, கீழ் என்று மூன்று கூறாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கூறுக்குள்ளும் இரண்டிரண்டு படங்களை எடுத்து, இன்றிரவு இவற்றுள் ஒன்றை மீண்டும் பார்க்கவேண்டுமானால் எது என்று கேட்டுக்கொண்டே போனால் வரிசை தானாக அமையும். என் வரிசையைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

பத்தாவது இடம் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’. பலர் ‘டை அனதர் டே’ படத்தையே கடைசியில் வைப்பார்கள். முந்தைய படத்தின் இறுதிக் காட்சியில் பாண்டின் மனைவி திருமண நாளன்றே சுட்டுக்கொல்லப்படுகிறாள். அடுத்த படமான இதில் அவளுடைய பெயர்கூட உச்சரிக்கப்படுவதில்லை. அந்தக் கொலைக்குக் காரணமான வில்லன் ப்ளோஃபெல்டை பாண்ட் தேடிச் சில நிமிடம் அடிதடி செய்கிறார், அத்தோடு அந்தத் துயரம் முடிந்துவிடுகிறது. கானரியை 12.5 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். அந்தத் தொகையைக் கொண்டு அவர் ஸ்காட்லாந்தில் ஒரு கல்வி அறக்கட்டளை நிறுவியது போற்றத்தக்கது, ஆனால் திரையில் அவர் விருப்பமின்றி நடமாடுகிறார். லாஸ் வேகஸின் குறுகிய சந்துக்குள் வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து நுழையும் கார் இடப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து வெளியே வருகிறது. படம் முழுவதிலும் உள்ள அக்கறையின்மைக்கு அது ஒன்றே போதும். ஆம்ஸ்டர்டாம் லிஃப்டுக்குள் நடக்கும் கைச்சண்டை மட்டும் பழைய கானரியை நினைவூட்டுகிறது.

ஒன்பதாவது ‘டை அனதர் டே’. பனி மாளிகை, மறையும் கார், கிராபிக்ஸ் அலையில் சறுக்கும் பாண்ட் என்று இரண்டாம் பாதி சரிந்துபோவது உண்மைதான். ஆனால் டைட்டில் பாடல் ஓடும்போதே பாண்ட் வட கொரியச் சிறையில் சித்திரவதைப்படுவதும், 14 மாதங்களுக்குப் பிறகு தாடியும் சடைமுடியுமாக வெளியே வந்து சொந்த நிறுவனத்தாலேயே சந்தேகிக்கப்படுவதும் அதுவரை யாரும் செய்யாத துணிச்சல். எட்டாவது ‘எ வியூ டு எ கில்’. டுரான் டுரான் குழுவின் பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, வாக்கனும் கிரேஸ் ஜோன்ஸும் திரையைவிட்டு அகல மறுக்கிறார்கள், கோல்டன் கேட் பாலத்து உச்சியில் நடக்கும் முடிவு நன்றாகவே இருக்கிறது. இடைப்பட்ட ஒரு மணி நேரம் நகர மறுக்கிறது.

‘ஸ்பெக்டர்’ ஏழாவது. மெக்சிகோ சிட்டியில் இறந்தோர் திருநாள் ஊர்வலத்தினூடே வெட்டின்றி ஓடுவதுபோல் அமைந்த தொடக்கக் காட்சி அபாரமானது. படத்துக்காகக் கற்பனை செய்த அந்த ஊர்வலத்தை 2016 முதல் அந்த நகரம் உண்மையாகவே நடத்தத் தொடங்கியது. ப்ளோஃபெல்டை பாண்டின் வளர்ப்புச் சகோதரனாக்கி, முந்தைய மூன்று படங்களின் துயரங்களுக்கெல்லாம் அவனே காரணம் என்று சொன்னதுதான் பிழை. அந்த ஒரு முடிவால் இந்தப் படம் தன்னோடு சேர்த்து மற்ற படங்களின் வில்லன்களையும் சிறியவர்களாக்கிவிட்டது.

ஆறாவது ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’, லீக்காகவும் அந்தக் காருக்காகவும். ஐந்தாவது ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’. அணு இயற்பியலாளராக வரும் டெனிஸ் ரிச்சர்ட்ஸைப் பற்றி மட்டுமே பேசி, சோஃபி மார்சோவின் எலெக்ட்ராவை மறந்துவிடுகிறார்கள். காப்பாற்றப்படவேண்டியவளாக அறிமுகமாகி, சதியின் மூளையாக மாறும் எலெக்ட்ராவை, ஆயுதமில்லாத நிலையில் பாண்ட் சுட்டுவிட்டு, உடனே அவளருகில் குனிந்து தலைமுடியைத் தொடும் அந்தக் கணம் பியர்ஸ் பிராஸ்னனின் நான்கு படங்களிலும் மிகச் சிறந்தது.

நான்காவது ‘மூன்ரேக்கர்’. வெனிஸ் சதுக்கத்தில் புறா இரண்டு முறை திரும்பிப் பார்ப்பதை மன்னிக்க முடியாதுதான். ஆனால் கென் ஆடமின் செட்கள், மிஷேல் லான்ஸ்டேல் குரலை உயர்த்தாமலே பேசும் குளிர்ந்த வில்லத்தனம், பாண்டுக்கு உதவிய பெண்ணை நாய்கள் காட்டுக்குள் துரத்தும்போது ஜான் பேரி கொடுத்திருக்கும் இசை ஆகியவை இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. மூன்றாவது ‘ஆக்டோபஸி’, இரண்டாவது ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’. காரணங்களை மேலேயே சொல்லிவிட்டேன்.

முதலிடம் ‘லைசென்ஸ் டு கில்’. 1989 கோடையில் ‘பேட்மேன்’, இந்தியானா ஜோன்ஸ் ஆகிய படங்களுக்கு நடுவே வெளியாகி அமெரிக்காவில் எடுபடாமல் போனது. அதன்பின் சட்டச் சிக்கல்களால் ஆறு ஆண்டுகள் பாண்ட் படமே வரவில்லை என்பதால், வரிசையை முடக்கிய படம் என்ற பழியும் அதன் மீது விழுந்தது. இறுதிக் காட்சியில் மீன் சிலை கண்ணடிப்பது தேவையற்றது. மற்றபடி, மலைப்பாதையில் டேங்கர் லாரி ஒருபக்கச் சக்கரங்களில் சாய்ந்து ஓடும் துரத்தலும், ராபர்ட் டாவியின் சான்செஸும், விடுப்பு எடுத்துக்கொண்டு களத்துக்கே வந்துவிடும், பாண்டுக்குக் கருவிகள் செய்துதரும் முதியவர் க்யூவும் இந்தப் படத்தை எந்தப் பட்டியலின் கடைசியிலும் இருக்கவிடாதவர்கள். இதைப் பார்த்துப் பிடித்துப்போனவர்கள் அடுத்து டால்டனின் முதல் படமான ‘தி லிவிங் டேலைட்ஸ்’ (1987) பார்க்கலாம். அதில் டைட்டிலுக்குப் பின் வரும் முதல் காட்சிகள் ஃப்ளெமிங்கின் சிறுகதையை ஒட்டியே செல்கின்றன.